முடிவு தேதி

நவம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும் ஊர்.
ஏரிக்கு இந்தக் கரையில் எங்கள் கல்லூரி,
அந்தக் கரையில் அவர்கள் கல்லூரி.
ஜனவரி முதல் தேதியிலிருந்து
இரண்டும் ஒன்று.

ஹெல்சின்கியிலிருந்து வந்த ஓஸ்கரி
திரையில் ஓர் அம்புக்குறி போட்டான்.
முதலில் மறுப்பீர்கள், பிறகு கோபப்படுவீர்கள்,
பதினான்காவது வாரத்தில் ஏற்றுக்கொள்வீர்கள்.
காபி இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்குமா
என்று கேட்டார் உலோகவியல் ரைமோ.
அது மூன்றாம் கட்டத்தில் வருகிறதாம்.
ஜெர்மன் துறை முதல் கட்டத்திலேயே போயிருந்தது,
ஒரே வரியில்,
இரண்டு ஆசிரியர்களோடு.

என் வேலை சின்னது.
அவர்கள் பட்டியலையும் எங்கள் பட்டியலையும்
ஒரே அட்டவணைக்குள் ஊற்ற வேண்டும்.
ஊற்றும்போதுதான் தெரிகிறது
யார் யார் எப்படி என்று.
தோற்ற பாடத்துக்கு அவர்கள் பூஜ்யம் போடுகிறார்கள்.
நாங்கள் வெறுமனே விட்டுவிடுகிறோம்,
திரும்ப வந்து எழுதட்டுமே என்று.
நாற்பது வருடமாக அவர்களைக் கல்நெஞ்சர் என்றோம்.
அவர்கள் எங்களைச் சோம்பேறிகள் என்றார்கள்.
அக்கரைப் பதிவாளர் மெர்வி
முதல் நாள் தன் கோப்பையைத் தானே கொண்டுவந்தாள்.
மாலையில் கழுவி, துடைத்து,
பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

புதிய மென்பொருளுக்கு வெறுமை ஆகாது.
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முடிவு தேதி கேட்கிறது.
தராவிட்டால் கட்டம் சிவந்து
அங்கேயே நிற்கிறது.
எங்களிடம் முப்பத்தோரு பேருக்கு முடிவில்லை.
அதில் ஒருத்தி சிர்பா வெஸ்டெரினென்,
மர வேதியியல், 1986 செப்டம்பர்.
இரண்டு பருவம் படித்தாள்.
பிறகு ஒரு கடிதம்:
அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வசந்தத்தில் வருகிறேன்.
எந்த வசந்தம் என்று எழுதவில்லை.
அன்று என் நாற்காலியில் இருந்தவர் யாரோ
ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார்:
இடம் இருக்கட்டும்.

மெர்வி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள்.
சட்டப்படி இவள் 1993லேயே நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்றாள்.
தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் வெப்பக்குழாய் மட்டும் பேசியது.
பிறகு அவள் தன் பட்டியலைத் திறந்து
ஒரு பூஜ்யத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.
பக்கத்தில் ஒரு புள்ளி.
அச்சுப்பிழை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.
"புள்ளி வைத்தவரை நாங்கள் நீக்குவதில்லை."
எத்தனை பேர்?
"பதினேழு."

அதிகபட்சமாக எந்தத் தேதியை ஏற்கும்
என்று சோதித்துப் பார்த்தோம்.
2099 டிசம்பர் 31.
நாற்பத்தெட்டு முறை தட்டினோம்,
அவள் பெயரை வாசிக்க, நான் அடிக்க.
சிவப்பெல்லாம் அடங்கியது.

தரவு முழுமை நூறு சதவீதம் என்று
மறுநாள் ஓஸ்கரி மகிழ்ந்து கடிதம் அனுப்பினான்,
எதிர்பார்த்ததற்கு ஆறு வாரம் முன்பே
நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோமாம்.

அதைப் படிக்க எங்களுக்கு நேரமில்லை.
பாடக் குறியீட்டின் நடுவே
இடைக்கோடு வேண்டும் என்கிறாள் மெர்வி.
என் பிணத்தின் மேல்தான் என்றேன்.