இடது சுண்டுவிரல்

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக் கந்தோர் வாசலில்
நாலு ஆணி முறுக்கிப் பெட்டியை மாட்டினேன்.
கடைசி ஆணி என் பெருவிரலைக் கிழித்தது.
முதலில் ஒரு பல்லி வந்து
கண்ணாடியை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது.
பிறகு தாதிமார், டிரைவர்மார்,
மருந்து கட்டுகிறவர், சமையல்காரர்.
வலது பெருவிரல். மூன்று முறை. பச்சை வெளிச்சம்.
நன்றி என்கிறது பெட்டி
பொம்பிளைக் குரலில், இந்தியத் தமிழில்.

பூரணவதி வாளியைக் கீழே வைத்தாள்.
சிற்றூழியர். இருபத்தொரு வருடம்
குளோரின் தின்ற கை.
மீண்டும் முயற்சிக்கவும்.
சேலைத் தலைப்பில் துடைத்தாள்.
மீண்டும் முயற்சிக்கவும்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இது ராவைக்கு எங்க போகும் மனே?"

படத்தை வச்சிருக்காது அக்கா,
ரேகையை வெறும் இலக்கமாக மாத்திப்போடும் என்றேன்.
கொம்பனி சொல்லித் தந்த பதில். பொய்யில்லை.

"தொண்ணூறிலயும் இலக்கம்தான் எழுதினவங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.
நான் தொண்ணூற்றிரண்டில் பிறந்தவன்.
யாரை, எந்த இடத்தில் என்று கேட்கவில்லை.
குனிந்து வயரைச் சரிசெய்தேன்,
வயர் சரியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது
இடது சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.
தேய்க்கவும் பிழியவும் கூப்பிடாத விரல்.
ஒரே தடவையில் பச்சை.
"இதை எடு. மற்றதெல்லாம் எனக்கு வேணும்."

பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் தேத்தண்ணி.
காற்சட்டைப் பையில் பென்ட்ரைவ்,
இதுவரை மாட்டிய பெட்டிகள் எல்லாவற்றின் பிரதி:
வாழைச்சேனை ஐஸ் கொம்பனி,
செங்கலடியில் ஒரு பள்ளிக்கூடம்,
டவுனில் நகைக்கடை, இப்போது ஆஸ்பத்திரி.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் விரல்கள்
சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டு கிடக்கின்றன.
எழுதித் தந்து வாங்கவில்லை நான்.
எழுதித் தா என்று கேட்டாருமில்லை.
எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்,
ஒன்று இரண்டு மூன்று நாலு.
அதையாவது மாற்றலாம், நாளைக்கே.

போன கிழமை நகைக்கடை முதலாளி
ஒரு சங்கிலி குறையுது என்றார்.
கல்லாப்பெட்டியில் ஒட்டியிருந்த ரேகையைக் காட்டி,
"உன்னட்ட மற்ற இடத்துப் பொடியன்மார்ர விரலும்
கிடக்காம், ஒருக்கா பொருத்திப் பாரன்" என்றார்.
நான் சிரித்தேன்.
இல்லை என்று சொல்லவில்லை.

பாலத்துக்கு மேலால் பஸ் போகிறது.
வாவியில் ஒருத்தன் வலையை உதறுகிறான்.
எறிந்துவிடலாம்தான்.
எறிந்தால் திங்கட்கிழமை
ஆஸ்பத்திரியில் எனக்கு வேலையில்லை.

இரவு மடிக்கணினியைத் திறக்கப் போனேன்,
அழிக்க. அல்லது
அழிக்கலாமா என்று பார்க்க.
பெருவிரலில் பிளாஸ்டர்.
அடையாளம் பொருந்தவில்லை.
பிளாஸ்டரைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தேன்.
பொருந்தவில்லை.

இடது கையை விளக்குக்கு நேரே விரித்தேன்.
சுண்டுவிரலை இன்னும்
ஒரு பெட்டிக்கும் கொடுத்ததில்லை நான்.
அதை உள்ளே மடித்துக்கொண்டு
மற்றக் கையால்
கடவுச்சொல்லைத் தட்டினேன்.