கால் மைல்

பார்ஸ்டோவில் ஒரு வீட்டுக் கூரைமேல்
டிவி ஆன்டெனாவைத் தாங்கிக்கொண்டு
முப்பது வருடம் நின்றது முன்பாதி.
பின்பாதி கொட்டகையில்.
ஓட்டுநர் உட்காரும் இரும்புக் கூண்டுக்குள்
பூனை ஐந்து குட்டி போட்டிருந்தது.
இரண்டு பாதியையும் நானூறு டாலருக்கு வாங்கி
(குட்டிகளுக்குத் தனிப் பேரம்)
ஃபான்டானாவுக்கு இழுத்துவந்தான்
ரேடியேட்டர் கடை ராமிரோ எஸ்கஹேடா.

கவண் என்று பெயர் இந்த வகை வண்டிக்கு.
எஞ்சின் முன்னால்,
பின்சக்கரத்துக்கும் பின்னால் ஆள்,
கவணில் வைத்த கல் மாதிரி.
கால்களுக்கு நடுவே பல்சக்கரப் பெட்டி.
கிளட்ச் வெடித்தால் முதலில் போவது பாதம்.
போகவும் செய்தது, சிலருக்கு.
பிறகு எஞ்சினைப் பின்னால் வைத்து
ஜெயித்துக் காட்டினார்கள்.
கவண்கள் காயலான் கடைக்குப் போயின.
போகாதவை ஆன்டெனா தாங்கின.

ராமிரோ பெயின்ட்டைச் சுரண்டினான்.
நீலத்துக்குக் கீழே சிவப்பு.
சிவப்புக்குக் கீழே, தங்க எழுத்தில்,
பர்சீ சகோதரர்கள்.
அதற்கும் கீழே வெறும் குழாய்.

வருடா வருடம் வண்டியை நீட்டியிருக்கிறார்கள்,
வளரும் பையனின் கால்சட்டைக்கு
மடிப்பைப் பிரித்துவிடுவதுபோல.
ஒட்டிய இடத்திலெல்லாம் ஒரு கையெழுத்து.
முதல் ஒட்டு பித்தளை, பயந்து பயந்து வைத்தது.
இரண்டாவது குளவிக்கூடு.
மூன்றாவது,
அடுக்கிய காசுகள் சரிந்து படுத்தாற்போல்
ஒரே அளவில், ஒரே மூச்சில்
குழாயைச் சுற்றி வந்து
தொடங்கிய இடம் தெரியாமல் முடிந்திருந்தது.

துல்சா பக்கம் மகள் வீட்டில் இருக்கும்
யூவெல் பர்சீக்கு ஃபோன் போட்டான்.
நைட்ரோ எத்தனை சதவீதம்,
பாராசூட் எந்த ராணுவக் கடையில் வாங்கியது,
எல்லாவற்றையும் தேதியோடு சொன்னார்.
மூன்றாவது ஒட்டு யார் போட்டது என்றதும்
லைனில் டிவி சத்தம் மட்டும்.
பிறகு:
"வெர்டா. என் தம்பி டாய்லின் பெண்டாட்டி.
விமான ஃபாக்டரியில் வெல்டர்.
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து போடுவாள்.
பந்தயத் தளத்தில் பெண்களை உள்ளே விடமாட்டார்கள்.
வேலிக்கு வெளியே நிற்பாள்.
புகையைத்தான் பார்த்திருப்பாள்."

அந்த வண்டி கால் மைலைக் கடந்தது
எட்டு நொடி நாற்பத்தொன்றில்.
ஒரு வாய்க் காபியை ஆற்றவே
அதைவிட நேரம் ஆகும்.
ராமிரோவுக்கு ஆறு வருடம் பிடித்தது.
ஒரு மேக்னெட்டோவுக்காக நெவாடா போனான்.
பாத்திரம் கழுவும் மெஷினில் பிஸ்டனைக் கண்ட டெனிஸ்
பதினோரு நாள் அவனோடு பேசவில்லை.

பெயின்ட் அடிக்குமுன்
ஹெமெட்டில் வெர்டாவைத் தேடிப் பிடித்தான்.
வந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர்.
"இதே ஆக்சிஜன்தான்" என்றார்.
"அப்போது வேறு வேலைக்கு."
கட்டைவிரல் நகத்தை ஒட்டின்மேல் ஓட்டினார்.
ஓரிடத்தில் நின்றது நகம்.
"இங்கே கை நடுங்கியிருக்கிறது.
அன்றைக்கு டாய்லோடு சண்டை.
அறுத்துவிட்டு மறுபடி போடு."
"நான்கு சீசன் தாங்கியிருக்கிறதே."
"தாங்கினால் சரியாகிவிடுமா?"
ராமிரோ அறுக்கவில்லை.
அவர் விடவுமில்லை:
"அப்படியென்றால் பெயின்ட்டையாவது
தடிமனாக அடி."

மார்ச் மாதம், பாதாம் தோப்புக்கு அடுத்த
வேலியில்லாத தரிசில்
லாரியால் தள்ளிக் கிளப்பினார்கள்.
ஓடவிடவில்லை. நின்ற இடத்தில் உறுமல்.
எட்டுக் குழாயிலும் மஞ்சள் தீ.
நைட்ரோ வந்து எல்லோர் கண்ணிலும்
வெங்காயம் அரிந்தது.
சிலிண்டரைத் தூர வைக்கச் சொன்னார்கள்.
வெர்டா மூக்குக் குழாயைக் கழற்றி
டெனிஸ் கையில் கொடுத்துவிட்டு
நடந்துபோய்
மூன்றாவது ஒட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.
வண்டி நடுங்கியது. கையும்.
எது எதனால் என்று
தள்ளி நின்ற எங்களுக்குத் தெரியவில்லை.

எஞ்சின் அடங்கியது.
காது திரும்பி வரச் சற்று நேரம் பிடித்தது.
மூச்சு வாங்க, ராமிரோவைப் பார்த்துச் சொன்னார்:

"மெல்லிசாகத்தான் அடித்திருக்கிறாய்."