பேரினம்

கெய்ன்ஸ் நகரின் தெற்கு விளிம்பு.
கரும்பு முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
எங்கள் தகனசாலை.
இரவு மழைக்கு உதிர்ந்த அத்திப் பழங்களைக்
கூட்டிக்கொண்டிருக்கையில் கண்டேன்:
புகைபோக்கிக்கு எதிரே, தாழ்ந்த கிளையில்
பாசி படிந்த பித்தளை முதுகு,
மஞ்சள் தொண்டை,
உடம்புக்கு மிஞ்சிய பெரிய கண்.

கொம்பேறி மூக்கன்.

இங்கே இதற்கு வேறு பெயர் இருக்கும்.
என் வாயில் வந்தது இதுதான்.
கடித்துவிட்டுச் சுடலை மரத்தில் ஏறி
புகை எழும்புவதைப் பார்த்த பிறகே
இறங்குமாம்.
கடிபட்ட ஒருவன், சாகாமல்,
வைக்கோலைக் கொளுத்தி அதை ஏமாற்றினானாம்.

பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் வரவிருந்தது.
மேலாளர் பதறி ஆள் அனுப்பச் சொன்னார்.
லோரெய்ன் பக்கோலா வந்தாள்,
முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து,
கையில் உறைகூட இல்லை.
பிடித்ததும் அது கழுத்தை உப்பியது.
செதில்களின் இடுக்கில்
அதுவரை மறைத்து வைத்திருந்த நீலம்.

"விஷமில்லை. தவளைதான் தின்னும்."
டென்ட்ரெலாஃபிஸ் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.
உன் நாட்டிலும் இருக்கிறது, இந்தியாவிலும்,
நியூகினிக் காட்டிலும்.
சிற்றினம் வேறு, பேரினம் ஒன்று.

அவள் சொன்னது ஆங்கிலத்தில்.
தமிழாக்கியது நான்,
ஆக்கிவிட்டுத் திடுக்கிட்டதும் நான்.
அந்தச் சொல்லின் வாலில் ஒரு 'வாதம்' ஒட்டிக்கொண்டுதான்
என்னைப் படகேற்றியது.
இத்தனை சாதுவாக
ஒரு பாம்புக்கு அதைச் சூட்டி
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சுடலைக் கதையைச் சொன்னேன்.
சிரித்தாள். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள்.
"பாவம், இங்கே காத்தே கிடக்கும்."

உண்மைதான்.
எண்ணூற்றைம்பது பாகை.
புகையையும் இன்னோர் அறையில் வைத்து எரித்துவிடுகிறோம்.
வாயில் கொஞ்சம் கானல் நெளியும், அவ்வளவே.
ஏழு வருடமாய் அந்தப் பொத்தான்கள் என் பொறுப்பு.
புகை வந்தால் அபராதம்.

புகை மட்டுமே கிடைத்த இடத்திலிருந்து வந்தவன்.
அங்கே பார்ப்பதற்கு
யாரும் மரமேற வேண்டியிருக்கவில்லை.

துணிப்பையில் கட்டி
ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை
அதே அத்தி, அதே கிளை.
அதே பாம்புதானா, தெரியாது.
கண் மட்டும் அதே திசையில்.

மேலாளரிடம் சொல்லவில்லை.
பழங்களைக் கூட்டி முடித்தேன்.
இரண்டு மணிக்கு
அடுத்தது.