எடைச்சீட்டு

கூரியர் பையன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான்.
டென்னிஸ் மட்டையா அக்கா என்றான்.
காலில் கட்டுவது என்றேன்.
சாக்கோட்டை வரை சிரித்துக்கொண்டே போயிருப்பான்.

புதுவயலில் பனி என்றால்
மார்கழியில் வண்டி சீட்டின்மேல்
விரலால் பெயர் எழுதும் அளவு.
மட்டை கட்டி நடக்க அது காணாது.
அதனால் உமி.

ஆலைக்குப் பின்னால்
குழாய் துப்பித் துப்பி வளர்ந்த குன்று,
மூன்று ஆள் உயரம்.
வெறுங்காலோடு ஏறினால் தொடைவரை இறங்கும்.
மட்டையைக் கட்டினால் நாலு விரற்கடை.
காலை அகட்டி அகட்டி வைக்கணும்,
நிறைமாதக்காரி போல.
எடைமேடையில் என் ஷிப்ட் முடிந்ததும்
ஐந்தரை முதல் ஏழு வரை,
முதுகில் பதினைந்து கிலோ புழுங்கலரிசி,
ஏறி, இறங்கி, ஏறி.
உமி குத்திக் கை சலித்தவர்களைப் பற்றிக்
கேள்விப்பட்டிருக்கிறேன்.
கால் சலித்தவள் நான் ஒருத்திதான்.

பாய்லர் செபஸ்தியான் நீளக் கம்பியோடு வருவார்.
வடக்குப் பக்கம் மிதிக்காதே, உள்ளே கனியுது.
மேலே பார்த்தால் பொன்னிறம், புகைகூட இல்லை.
கம்பியைச் செருகி எடுத்து நீட்டுவார்.
தொட முடியாது.

நவாங்கும் இப்படித்தான்
தடியால் குத்திக் குத்திப் பார்த்தான்,
வெள்ளைக்கு அடியில் ஓடை எங்கே ஓடுகிறது என்று.

அது போன தை மாதம், வாடகை மட்டையில்.
இரவு ஒரு மணிக்குக் கூடாரத்தை விட்டோம்.
மூச்சு கழுத்துத் துணியில் உப்பாகப் பூத்தது.
மூட்டை எண்ணுகிற மாதிரி அடிகளை எண்ணினேன்,
நூறுக்கு ஒரு கோடு.
நாற்பத்தொரு கோடு வரை நினைவிருக்கிறது.
அப்புறம் காற்று.

பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு,
நின்ற இடத்திலேயே திரும்பணும்.
அவன் சட்டம்.
உச்சி தெரிந்தது.
ஆலை வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரிகிற மாதிரி
அவ்வளவு கிட்டே.
கொடிக்கயிறு ஆடியதைக்கூடப் பார்த்தேன்.
மணி பன்னிரண்டு பத்து.
திட்டினேன், தமிழில்.
அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்தால் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி.
முதலாளிக்கு, இல்லைங்க.
பேங்க் மேனேஜருக்கு, கிட்டத்தட்ட.
செபஸ்தியானிடம் மட்டும்
ஏனோ
போனேன் என்றேன்.

அங்கே என்ன இருந்துச்சு?

ஒரு மணி. வெண்கல மணி.

அடிச்சியா?

அடிச்சேன்.

பாய்லர் கதவைச் சாத்திவிட்டுக்
கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்,
இங்கிருந்தே கேட்டுவிடும் என்பதுபோல்.
அடுத்த தடவை எனக்கும் ஒண்ணு அடி.
உங்க பேர் சொல்லியா?
வேண்டாம். சும்மா அடி.

மட்டை வாங்கியது அதற்கப்புறம்தான்.
காரைக்குடியில் பழைய சாமான் கடையில்
ஒரு மணியும் வாங்கியிருக்கிறேன்,
நானூறு கிராம்.
அரிசிக்கு அடியில் கிடக்கிறது.
நாக்கில் துணி சுற்றிவைத்திருக்கிறேன்,
ஏறும்போது
அவர் காதில் விழுந்துவிடக்கூடாது.

நேற்று என் மலையை ஏற்றிக்கொண்டு போனார்கள்,
செங்கல் சூளைக்கு.
லாரி எடைமேடையில் வந்து நின்றது.
வெறும் வண்டி போக
ஆறு டன் நானூற்று எண்பது.
சீட்டு எழுதியது நான்தான்.
சரக்கு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பின்னால் நெல் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
உமி என்று எழுதினேன்.

வடக்குப் பக்கத்தை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள்.
லேசாகப் புகைகிறது இப்போது.
குழாய் மறுபடி துப்புகிறது.
முழங்கால் உயரம் வந்தாயிற்று.
பொங்கலுக்குள் இடுப்புக்கு வரும்.