காவலரிடம் சொன்ன பொய்

இரவு வேலை முடிந்து
பாயான் லெப்பாசில் பஸ் ஏறுகிறவர்கள்
நேரே தூங்கப் போவார்கள்.
நானும்தான்.
மார்ச் மாதத்தில் மட்டும்
திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு
இரண்டு மணிக்கு அலாரம் வைக்கிறேன்.
மூன்று மணிக்குக் கால் இறுதி.

ஜெலுத்தோங் மண்டபத்துக்குத் தகரக் கூரை.
நான்கு விசிறிகளில் இரண்டுதான் சுற்றும்.
ஆட்டம் சூடேறினால் மூன்றாவது தானே சுற்றும் என்பார்
பக்கத்து நாற்காலி ஊய்.
குவாச்சி கொறித்துத் தோலைக்
காகிதக் குவளையில் சேர்க்கும் மனிதர்.
பதினோரு வருடத்தில் நாங்கள் பேசியது
கொஞ்சம் மலாய்,
மற்றதெல்லாம் புள்ளிக் கணக்கு.

முதல் வருடம் வாசலில் காவலர் கேட்டார்:
"அனாக்? உங்கள் பிள்ளை ஆடுதா?"
பிள்ளை இல்லாத நான்
பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்து
ஆமாம் என்றேன்.
எந்த எண் என்றார்.
உள்ளே பந்து தட்டிக்கொண்டிருந்த ஒரு முதுகு தெரிந்தது.
ஏழு.

அந்த ஏழு ஒரு சீனப் பெண்.
காவலர் அவளைப் பார்த்தார்
என்னைப் பார்த்தார்
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கல்லூரி அணிக்கு ரசிகையாவது
புத்தி கெட்ட வேலை.
ஒருத்தி மனதில் வந்து உட்காருவதற்குள்
டிப்ளோமா வாங்கிவிடுகிறாள்.
பிறகு ஷா ஆலமில் கணக்காளர்,
சிங்கப்பூரில் நர்ஸ்.
ஏழு மட்டும் கொடியில் காய்ந்து
அடுத்த தோளுக்குப் போகும்.
எனக்கு முப்பத்தெட்டு, அவர்களுக்குப் பத்தொன்பது.
எனக்கு நாற்பத்தொன்பது,
அவர்களுக்கு இன்னும் பத்தொன்பதேதான்.

இரண்டாம் ஏழு அஸ்லினா, இடக்கைக்காரி,
முழுக்கைச் சட்டைக்கு மேல் ஜெர்சி.
மூன்றாமவளுக்கு
இரண்டாம் வருடமே முழங்கால் போயிற்று.
அவள் பெயரை மறந்துவிட்டேன்.
கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பெயர்.

நான்காவது லோகாஷினி.
அந்த வருடம்தான் காவலர் நிம்மதியானார்.
"இப்போ முகம் ஒத்துப்போகுது" என்றார்.

இன்று அரையிறுதி.
கோலாலம்பூர்க்காரிகள்,
ஒவ்வொருத்தியும் கதவு நிலை உயரம்.
இவள் ஐந்தடி இரண்டு.
அவர்கள் அக்குளுக்கடியில் புகுந்து புகுந்து போனாள்,
மீன் தீர்ந்துபோகுமுன் சந்தைக்கு ஓடுகிறவள் மாதிரி.
இரண்டு புள்ளி பின்தங்கி, நான்கு விநாடி மிச்சமிருக்க,
இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது.
ஊய் குவாச்சியை நிறுத்தினார்.

முதல் பந்து வளையத்தைச் சுற்றியது.
ஒன்றரைச் சுற்று.
வெளியே விழுந்தது.
இரண்டாவது சுத்தமாக உள்ளே,
யாருக்கு வேண்டும் அது.

வெளியே லோக் லோக் வண்டி.
பத்து நிமிடம்கூட ஆகவில்லை,
தோற்கடித்தவர்களோடு நின்று
மீன் உருண்டை தின்கிறாள்,
தாடையில் சாஸ் ஒழுக எதற்கோ சிரிக்கிறாள்.
என் தொண்டையில் இன்னும் அந்த ஒரு புள்ளி.
"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க, சாஸ் எடுக்கணும்."
மூன்று வருடத்தில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவே.
தள்ளினேன்.

"படிப்பு முடியுதுல்ல?" காவலர் கேட்டார்.
முடியுது.
"அடுத்த வருஷம் வருவீங்களா, இன்னொரு பிள்ளை இருக்கா?"
இருக்கிறாள் என்றேன்.
பெயர்தான் இன்னும் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

ராத்திரி மறுபடி வெள்ளை உடுப்பு,
எல்லோருக்கும் கண்கள் மட்டும்.
முதுகில் எண் கிடையாது.
மூன்று மணிக்கு என் கை தானாக உயர்ந்து
மணிக்கட்டு மடிந்ததைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து
சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.
தோள் வலி என்று ஜாடை காட்டினேன்.

முதல் எறியைத்தான்
திரும்ப எறிந்து பார்க்கிறேன்.
இன்னும் ஒன்றரைச் சுற்று.
இன்னும் வெளியே.