திருகாணியின் காது

எந்தப் படத்தையும் இடவலம் மாற்றித்தான்
தாளில் அச்சிட வேண்டும்.
பிறகு துணிமேல் கவிழ்த்து
நூற்றுத் தொண்ணூறு பாகையில் ஒரு நிமிடம்.
மை ஆவியாகித் துணிக்குள் இறங்கும்போது
இடம் இடமாகும், வலம் வலமாகும்.
வேலைக்குச் சேர்ந்த அன்றே யாஸ்னா சொல்லிவிட்டாள்:
இதை மட்டும் மறக்காதே.

பூந்தா அரேனாசில் அக்டோபர்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
காற்று அடித்துப் போகாமல்
ஆட்கள் பிடித்து நடக்க.
எங்கள் கடைக்குள் யாரும் நடந்து வருவதில்லை,
வந்து விழுகிறார்கள்.

இந்த வாரம் விழுந்தவர்கள் கேட்டவை:
ஏப்ரனில் கினிப்பன்றி,
பல் மருத்துவருக்கு நன்றியாகக் கிளி போட்ட காலுறை,
குளியலறைத் திரை முழுக்க ஒரே பூனை முகம்
(மாமியார் அதிக நேரம் எடுக்கிறாராம்),
சூடு பட்டால் மட்டும் முயல் தெரிகிற
கறுப்புக் கோப்பை ஆறு.
ஒருத்தி, நாயோடு நிற்கும் கணவனை
வெட்டிவிடச் சொன்னாள்.
வெட்டினேன்.
கழுத்துப்பட்டையில் அவன் விரல் இரண்டு மிச்சம்.
இருக்கட்டும், பட்டையின் கொக்கி என்று
நினைத்துக்கொள்கிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை எலெயூத்தேரியோ பாரியா.
படகு எஞ்சின் மெக்கானிக்,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
விரிசல் விட்ட போனில்
தோர்னீயோ. திருகாணி என்று அர்த்தம்.
பழுப்பு நாய். இடது காது பாதிதான்.
கடற்சிங்கத்தோடு சண்டை என்றார் அவர்.
கேட் கதவு என்றார்
பின்னால் வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்.

தலையணை. நாற்பதுக்கு நாற்பது.
பெயர் போடவா?
வேண்டாம், அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

பெயர் போட்டிருந்தால் தப்பியிருப்பேன்.
எழுத்து தலைகீழாகத் தெரிந்து
கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும்.
நாயின் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.
மாற்ற மறந்தேன்.
இயந்திரத்தைத் திறந்தபோது
பாதிக் காது வலது பக்கம்.

யாஸ்னா மதிய உணவுக்குப் போயிருந்தாள்.
அவர் சீக்கிரமே வந்துவிட்டார்.

நெடுநேரம் பார்த்தார்.
துணியில் வலது காதைத் தொட்டார்,
பிறகு தன் இடது காதை.
"இவன் அவனில்லை."

மன்னிப்பு, புதிதாகச் செய்து தருவது, பணம் திருப்புவது,
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.
அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"எங்கள் அலமாரிக் கண்ணாடியில் ஒருவன் இருந்தான்.
பதினான்கு வருஷம்
தினம் காலையில் அவனைப் பார்த்துக் குரைத்துவிட்டுத்தான்
தோர்னீயோ தண்ணீரே குடிப்பான்.
ராத்திரி அவனுக்குக் காவலாக அங்கேயே படுப்பான்.
மார்ச்சில் இவன் போனான்.
அன்றிலிருந்து அவனையும் காணோம்.
எங்கே போனானோ என்றிருந்தேன்."

தலையணையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டார்.
வயிறு முட்டிக்கொண்டு நின்றது.

"மற்றவனையும் போட்டுக் கொடு.
காசு இரண்டுக்கும் தருவேன்.
ஒரே நாற்காலியில் வைக்கமாட்டேன், பயப்படாதே."

ஒரு கையில் கயிறு,
ஒரு கையால் வயிற்றை அணைத்தபடி
நீரிணைப் பக்கம் இறங்கிப் போனார்.
கோட்டின் நுனி மட்டும்
அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவதற்கு மூன்று முறை சரிபார்த்தேன்.
பாதிக் காது இடது பக்கம், இருக்க வேண்டிய இடத்தில்.
யாஸ்னா எடுத்துப் பார்த்து அருமை என்றாள்.
எனக்கென்னவோ
இது கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தது.