உடைந்தவை

கதவில் 'ட்ஸீயன்' என்றிருந்தது.
இழு என்று அர்த்தமாம்.
மூன்று வாரம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பேங்க் கடிதத்தில் என் பெயர் பாதி.
காப்பீட்டு அட்டையில் முக்கால்.
நகர அலுவலகத்தில்
ஃப்ராவ் மாசிலாமணி: அது அப்பா.

நாலரைக்கே இருட்டிவிட்ட
நவம்பர் வியாழன் ஒன்றில்
கை நழுவி
இருநூற்றைம்பது மில்லி குடுவை
தரையில்.

ஹென்னிங் திட்டவில்லை.
துடைப்பத்தை நீட்டினான்,
பிறகு
ஆணியில் தொங்கிய நோட்டை.
தேதி, பொருள், உடைத்தவர்.
அவன் பெயர் பதினோரு இடத்தில்.
போன மார்ச்சில் வீபக்கே,
ஒரே நாளில் ஆறு பிப்பெட்.

கட்டம் அகலமாகத்தான் இருந்தது.
எழில்நங்கை என்று
புள்ளி, கொம்பு எல்லாம் வைத்துத்
தமிழிலேயே எழுதினேன்.

தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
இது எங்கே தொடங்குகிறது என்றான்.
பேனா முனையால் காட்டினேன்.

தரையில் இன்னும் ஈரம்.